கைதட்டலும் கதிரையும்

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"கலையும் உரிமையும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். கலையைப் பற்றிப் பேசக் கலைஞரை அழைப்பார்கள்; உரிமையைப் பற்றிப் பேச நியாயவாதியை அழைப்பார்கள். இரண்டையும் ஒருங்கே பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தபடியால், அவ்விரண்டும் ஒரே மேடையில் வந்து நின்ற வரலாறு ஒன்றையே இன்று எடுத்துக்கொள்கிறேன். ஐக்கிய அமெரிக்காவில், கறுப்பின மக்களிடையே, சென்ற நூற்றாண்டின் முதற் பாதியில் பியானோ வாத்தியத்தின் முன் அமர்ந்து ஜாஸ் இசையை வளர்த்த சில பெண்களின் வரலாறு அது.

இதில் நாம் அறிய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு கலைஞரின் வாசிப்பைக் கேட்டு ஒரு சபை எழுந்து நின்று கைதட்டுகிறது. ஆனால் அதே கலைஞர் மேடையை விட்டிறங்கி அச்சபையின் நடுவே ஒரு கதிரையில் அமர வந்தால், இடமில்லை என்கிறது. இப்படிப்பட்ட சபையின் கைதட்டலுக்கு என்ன பெறுமதி? அதைப் பெற்ற கலைஞர் செய்யத் தக்கது யாது? இக்கேள்விக்கு மேடைப் பேச்சினால் விடை கூறாது, தம் ஒப்பந்தப் பத்திரத்தினாலும் வழக்கினாலும் விடை கூறியவர் ஹேசல் ஸ்கொட் அம்மையார். அவரிடம் செல்லுமுன், அவருக்கு வழி சமைத்தோரைச் சிறிது காண்போம்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஈன்றெடுத்த இசை. அடிமைத்தளையில் கிடந்தோரின் உழைப்புப் பாட்டும், தேவாலயப் பாட்டும், புளூஸ் என்னும் துயரப் பாட்டும், ராக்டைம் என்னும் துள்ளல் நடையும் சேர்ந்து, நியூ ஓர்லியன்ஸ் நகரைத் தொட்டிலாகக் கொண்டு வளர்ந்தது. எழுதிவைத்த மெட்டை அவ்வாறே ஒப்புவிப்பதன்று அதன் இயல்பு. மெட்டைக் கையில் எடுத்து, அந்த வேளையின் கற்பனைக்கேற்ப விரித்து வாசிப்பதே அதன் உயிர். நம்மூர் நாதஸ்வர வித்துவானின் மனோதர்மத்தை அறிந்தோருக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இக்கலையில் பெண்கள் முதலில் நுழைந்த வாசல் பியானோ. அதற்குக் காரணம் உண்டு. எக்காளம் ஊதுவதும் முரசு கொட்டுவதும் பெண்ணுக்கு அழகன்று என்று அந்நாட்டாரும் எண்ணியிருந்தனர். எண்பத்தெட்டுக் கட்டைகள் கொண்ட பியானோவோ வீட்டுக் கூடத்தில் இருந்த வாத்தியம். தேவாலயத்தில் ஒலித்த வாத்தியம். பெண்பிள்ளைகள் அதனைக் கற்பது பெற்றோருக்குப் பெருமையாகவும் இருந்தது. வீட்டுக்கு அணிகலனாக இருக்கட்டும் என்று கொடுத்த வித்தையையே அப்பெண்கள் தொழிலாக்கிக்கொண்டார்கள். கேள்வி ஞானத்தால் மட்டும் வாசித்த ஆண்கள் பலர் இருந்த காலத்தில், இசைக்குறிப்பை எழுதவும் வாசிக்கவும் தெரிந்திருந்தமை அவர்களுக்குப் பெரும் பலமாயிற்று.

லவி ஒஸ்டின் என்பவர் அத்தகையோருள் முன்னோடி. 1887ஆம் ஆண்டிற் பிறந்தவர். சிக்காகோ நகரின் மொனோகிராம் அரங்கில் இசை இயக்குநராக இருந்தவர். அல்பேர்ட்டா ஹன்டர் என்னும் பாடகியோடு சேர்ந்து அவர் இயற்றிய 'டவுன் ஹார்ட்டட் புளூஸ்' என்னும் பாட்டினை 1923இல் பெஸி ஸ்மித் பாடி இசைத்தட்டாக வெளியிட்டபோது அது நாடெங்கும் பரவியது. அரங்கொன்றில் அவரைப் பார்த்த ஒரு சிறுமி, தான் கண்ட காட்சியை ஆயுள் முழுதும் மறக்கவில்லை. வாயிலே சிகரெட்டு, இடக்கை பியானோவை வாசித்துக்கொண்டிருக்கிறது, வலக்கையோ அடுத்த நிகழ்ச்சிக்கான இசையை எழுதிக்கொண்டிருக்கிறது! ஆண்கள் நிறைந்த வாத்தியக் குழுவை ஒரு பெண் நடத்திச் சென்ற அக்காட்சியே, தானும் அவ்வாறு வரவேண்டும் என்னும் எண்ணத்தை அச்சிறுமியின் நெஞ்சில் ஊன்றிற்று.

அச்சிறுமிதான் பின்னாளில் மேரி லூ வில்லியம்ஸ் என்று புகழ்பெற்றவர். 1910இல் அட்லாண்டாவிற் பிறந்து பிட்ஸ்பேர்க் நகரில் வளர்ந்தவர். கன்சாஸ் நகரின் அன்டி கேர்க் குழுவில் பியானோ வாசித்ததோடு, குழுவினர் அனைவரும் வாசிக்கும் இசையமைப்பை எழுதும் பொறுப்பையும் ஏற்றார். வெள்ளையரின் பெருங்குழுக்களுள் ஒன்றை நடத்திய பெனி குட்மனும் 1937இல் அவர் எழுத்தை வாங்கி வாசித்தார். 1945இல் பன்னிரண்டு இராசிகளையும் பொருளாகக் கொண்டு 'சோடியாக் சூட்' என்னும் தொடரிசையை ஆக்கினார். நியூயோர்க்கில் அவர் இல்லம் இளங்கலைஞருக்குக் குருகுலம் போல விளங்கியது. திலோனியஸ் மொங், டிஸி கிலெஸ்பி போன்றோர் அங்கே வந்து கற்றுச் சென்றனர்.

இனி லில் ஹார்டின் அம்மையார். 1898இல் மெம்பிஸ் நகரிற் பிறந்து, ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திற் சில காலம் பயின்று, சிக்காகோவில் ஓர் இசைக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். கடைக்கு வருவோருக்கு இசைத்தாள்களை வாசித்துக் காட்டுவது வேலை; வாரச் சம்பளம் மூன்று டொலர். அங்கிருந்து கிங் ஒலிவரின் புகழ்பெற்ற குழுவிற் சேர்ந்தார். 1923இல் இந்தியானா மாநிலத்தில் அக்குழு பதிவு செய்த இசைத்தட்டுக்கள் ஜாஸ் வரலாற்றின் முதற் செல்வங்களுள் அடங்கும். அக்குழுவில் இரண்டாம் எக்காளம் ஊதிய இளைஞரை அவர் 1924இல் மணந்தார். அவ்விளைஞர்தான் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங். இன்னொருவரின் நிழலில் இரண்டாமவராக இருந்தது போதும், தனித்து நில்லுங்கள் என்று கணவரைத் தூண்டியவர் லில் அம்மையாரே. 1925 முதல் வெளிவந்த 'ஹொட் ஃபைவ்' இசைத்தட்டுக்களிற் பியானோ வாசித்தவரும் அவரே. கணவரின் பெயரை உலகம் அறிந்தது. அவரை முன்னே தள்ளிய கரத்தை அறிந்தோர் சிலரே. மணவாழ்வு முறிந்த பின்னரும் லில் அம்மையார் சோர்ந்துவிடவில்லை. தம் பெயரிலேயே குழு நடத்தினார். பெண்கள் மட்டுமே கொண்ட வாத்தியக் குழுவொன்றையும் நடத்தினார்.

அப்பெண்கள் குழுவில் சக்ஸபோன் ஊதியவர்களுள் ஒருவர் அல்மா லோங் ஸ்கொட். அவர் மகளே ஹேசல் ஸ்கொட்.

அன்பர்களே, ஹேசல் 1920ஆம் ஆண்டு ஜூன் 11ஆந் திகதி, திரினிடாட் தீவின் போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரிற் பிறந்தார். நான்கு வயதில் தாயோடும் பாட்டியோடும் நியூயோர்க் வந்து சேர்ந்தார். எட்டு வயதில், அந்நாட்டின் தலைசிறந்த இசைக் கல்லூரியாகிய ஜூலியார்டில் வாசித்துக் காட்டினார். பதினாறு வயதுக்குக் குறைந்தோரை அக்கல்லூரி சேர்ப்பதில்லை. எனினும் அவர் திறமையைக் கண்ட பேராசிரியர் ஒருவர் தனி மாணவியாக ஏற்றுக்கொண்டார். ரஷ்ய மேதை ரக்மனினோவின் படைப்பை அன்று வாசித்தபோது, விரல் எட்டாத இடங்களில் அச்சிறுமி தன் கைக்கு எட்டிய சுரங்களை வைத்து வாசித்தாள் என்று கூறுவர்.

1939இல், பத்தொன்பது வயதில், 'கஃபே சொசைட்டி' என்னும் இசை விடுதியில் வாசிக்கத் தொடங்கினார். முந்திய ஆண்டின் இறுதியில் பார்னி ஜோசப்சன் என்பவர் நியூயோர்க்கில் தொடங்கிய விடுதி அது. வெள்ளையரும் கறுப்பரும் மேடையிலும் மேசையிலும் ஒன்றாக அமரலாம் என்று அவர் வகுத்த விதி, அந்நகருக்கே புதியது. அங்கே ஹேசல் அம்மையார் ஒரு புதுவகை வாசிப்பைக் காட்டினார். பாஹ், லிஸ்ட், ஷோப்பின் போன்ற மேலைநாட்டு மேதைகளின் படைப்பைப் பிழையின்றி, மரபு வழுவாது தொடங்குவார். சபை அமைதியாகக் கேட்டிருக்கும். மெல்ல மெல்ல இடக்கையின் தாளம் மாறும். பூகி வூகி என்னும் ஓட்டம் உள்ளே புகும். பார்த்திருக்கும்போதே பாஹ் ஹார்லத்துத் தெருவில் நடக்கத் தொடங்கிவிடுவார்! வேடிக்கை என்று சிலர் எண்ணினர். ஆனால் இரண்டு மரபையும் கசடறக் கற்றவருக்கே அவ்வேடிக்கை கைகூடும். 1945 அளவில் அவர் ஆண்டு வருமானம் 75,000 டொலர் வரையில் உயர்ந்தது.

இனி நான் கூற வந்த விடயத்துக்கு வருகிறேன்.

ஹொலிவூட் அவரை அழைத்தது. அந்நாளில் கறுப்பினப் பெண்ணுக்குத் திரைப்படத்திற் கிடைத்த வேடம் பெரும்பாலும் வேலைக்காரி வேடமே. ஹேசல் அம்மையார் அத்தகைய வேடங்களை மறுத்தார். தோன்றினால் ஹேசல் ஸ்கொட் என்னும் கலைஞராகவே தோன்றுவேன் என்று நின்று, அவ்வாறே தோன்றினார். 1943இல் 'த ஹீட்ஸ் ஒன்' என்னும் படத்தில் ஒரு காட்சி. போருக்குச் செல்லும் கணவரைக் கறுப்பினப் பெண்கள் வழியனுப்புகின்றனர். அப்பெண்களுக்கு அழுக்குப் படிந்த ஏப்ரன்களை உடுத்தி நிறுத்தினார்கள். கணவனைப் போருக்கு வழியனுப்பும் எந்தப் பெண் அழுக்கு உடையோடு வந்து நிற்பாள் என்று கேட்டார் ஹேசல். அந்த உடை அவருக்குத் தரப்பட்ட உடையன்று. பெயரறியாத நடனப் பெண்களுக்குத் தரப்பட்டது. எனினும் அது மாற்றப்படும் வரையில் மூன்று நாட்கள் வேலைக்குச் செல்ல மறுத்தார். உடை மாறியது. ஆனால் படநிறுவனத் தலைவரின் சினம் மாறவில்லை. 1945க்குப் பின் ஹொலிவூட்டின் கதவு அவருக்கு அடைபட்டது.

அதே ஆண்டில், ஹார்லத்து மக்களின் காங்கிரஸ் உறுப்பினராகிய அடம் கிளேட்டன் பவல் என்பவரை மணந்தார். தலைநகராகிய வாஷிங்டனில் கொன்ஸ்டிரியூஷன் மண்டபத்தில் கச்சேரி செய்ய இடம் கேட்டபோது, வெள்ளையருக்கே அம்மண்டபம் என்று அதன் உரிமையாளராகிய மாதர் சங்கம் மறுத்துவிட்டது. 1939இல் மரியன் அன்டர்சன் என்னும் பெரும் பாடகிக்கும் இதே மண்டபம் மறுக்கப்பட்டிருந்தது. காங்கிரஸ் உறுப்பினரின் மனைவி என்பதும் அங்கே செல்லவில்லை.

நியாயவாதி என்ற முறையில் என்னைப் பெரிதுங் கவர்ந்தது அவருடைய கச்சேரி ஒப்பந்தம். நிறத்தால் மக்களைப் பிரித்து அமர்த்தும் சபையின் முன் வாசிக்க மாட்டேன் என்பதை ஒரு நிபந்தனையாகவே ஒப்பந்தத்தில் எழுதுவித்தார். இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். 1896இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், வேறாக்கினாலும் சமமாக இருக்கலாம் என்று தீர்ப்பளித்துப் பிரிவினைக்கு அரண் செய்திருந்தது. பாடசாலைகளில் அக்கொள்கை செல்லாது என்று அதே நீதிமன்றம் கூறியது 1954இலேதான். இடைப்பட்ட காலத்தில், தென் மாநிலங்களில் சட்டமே பிரிவினையின் பக்கம் நின்றது. மன்றுக்குச் சென்று கேட்க ஒன்றுமில்லை. மனச்சாட்சியைக் கேட்டாற் பதிலில்லை. அந்நிலையிலும் ஒரு மனிதரின் கையில் எஞ்சியிருப்பது, தம் உழைப்பை எந்த நிபந்தனையின் மேல் விற்பது என்று தீர்மானிக்கும் உரிமை. அதனை அவர் மையினால் எழுதினார். காணி பற்றிய வாய்ச்சொல் மன்றில் நிற்பதில்லை, உறுதியில் எழுதியதே நிற்கும் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் கமக்காரர்கள் நன்கறிவர். மானத்தையும் உறுதியில் எழுதலாம் என்று காட்டியவர் ஹேசல் அம்மையார்.

எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1948இல் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரிற் கச்சேரி. மண்டபத்தில் வெள்ளையர் ஒருபுறமும் கறுப்பர் ஒருபுறமுமாக அமர்த்தப்பட்டிருப்பதைக் கண்டதும் வாசிக்க மறுத்து வெளியேறினார். என்னைக் காண விரும்பி வருகின்றவர், என்னைப் போன்ற ஒருவரின் அருகே அமர மறுப்பது எவ்வாறு என்பதே அவர் கேட்ட கேள்வி. ஒரு கச்சேரியின் வருமானத்தை இழந்துதான் அக்கேள்வியை அவர் கேட்டார்.

இங்கே ஓர் ஆட்சேபனை எழலாம். ஆயிரக் கணக்கில் உழைக்கும் கலைஞருக்கு ஒப்பந்தம் உண்டு. அவர் பேரம் பேசலாம். ஒப்பந்தமே இல்லாத சாதாரண மனிதருக்கு என்ன வழி? நியாயமான ஆட்சேபனைதான். இதற்கு விடையும் அவர் வாழ்விலேயே உண்டு.

1949ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். நாட்டின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில், பாஸ்கோ என்னும் ஊரில், ஹேசல் அம்மையாரும் உடன் வந்த ஒரு பெண்மணியும் பயணத்தின் நடுவே ஓர் உணவகத்துக்குச் சென்றனர். கறுப்பருக்கு உணவு பரிமாறுவதில்லை என்றனர் அங்கிருந்தோர். அங்கே மேடையில்லை, ஒப்பந்தமில்லை, கைதட்டலில்லை. பசியோடு வந்த இரு பெண்கள் மட்டுமே. பிரிவினைச் சட்டம் கோலோச்சிய தென் மாநிலமுமன்று அது.

அவர் வழக்குத் தொடர்ந்தார். கேட்ட நட்டஈடு 50,000 டொலர். 1950இல், ஸ்போக்கேன் நகரில் யூரர்கள் அவர் பக்கம் தீர்ப்பளித்து வழங்கிய தொகை 250 டொலர். கேட்டதில் இருநூறில் ஒரு பங்கு! நட்டஈட்டைக் கொண்டு வழக்கை அளப்பவர் இதனைத் தோல்வி என்பர். ஆனால் உணவு மறுத்தது தவறு என்று ஒரு மன்றம் எழுத்திற் பதிந்துவிட்டது. அவ்வெற்றி அம்மாநிலத்தின் உரிமை இயக்கத்தாருக்கு ஊக்கமளித்தது. அவர்கள் சட்டசபையை நெருக்கினர். 1953இல், பொது இடங்களிற் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. நாடு முழுவதற்குமான சட்டம் 1964இல் வந்தது. ஒருவர் வழக்காடாது அவமானத்தை விழுங்கிக்கொண்டு அடுத்த உணவகத்தைத் தேடிப் போயிருந்தால், அந்த 250 டொலரும் இல்லை. அதன் வழி வந்த சட்டத்துக்கு அவ்வளவு தூண்டுதலும் இல்லை. பெயருள்ளவர் தொடுத்த வழக்கின் பயன் பெயரில்லாதவரையும் சென்றடைந்தது என்பதே ஆட்சேபனைக்கு விடை.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலையையும் கூறவேண்டும்.

1950 ஜூலையில், டுமொன்ட் தொலைக்காட்சி நிறுவனம் அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. கறுப்பினப் பெண்ணொருவர் வேலைக்காரியாகவன்றி, பியானோவின் முன் தலைநிமிர்ந்து அமர்ந்து, வாரத்துக்கு மூன்று தடவை மக்களின் வீட்டுக்குள்ளே வந்தார். ஆனால் அதற்குச் சில நாட்களின் முன், 'ரெட் சனல்ஸ்' என்னும் நூல் வெளிவந்திருந்தது. வானொலி, தொலைக்காட்சித் துறைகளிலே கம்யூனிசத் தொடர்புடையோர் என்று 151 பேரின் பெயர்கள் அதில் அச்சாகியிருந்தன. ஹேசல் ஸ்கொட்டின் பெயரும் அவற்றுள் ஒன்று. அதனை வெளியிட்டது அரசாங்கமுமன்று, நீதிமன்றமுமன்று. ஒரு தனியார் வெளியீடு. குற்றப்பத்திரமில்லை, சாட்சியில்லை, குறுக்கு விசாரணையில்லை. ஆயினும் பெயர் அச்சானதே தீர்ப்பாயிற்று.

வேண்டாம் என்று நெருங்கியோர் தடுத்தும், அவர் தாமாகவே முன்வந்து, 1950 செப்டெம்பர் 22ஆந் திகதி, அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்தார். தாம் கம்யூனிஸ்ட் அல்லர் என்றார். பட்டியலிற் கண்ட தொடர்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுமொழி கூறினார். பெயரை அச்சிட்டுப் பிழைப்பைக் கெடுக்கும் முறையையே கண்டித்தார். ஒரு வாரத்தில், செப்டெம்பர் 29ஆந் திகதி, அவர் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. எந்த மன்றமும் அவரைக் குற்றவாளி என்று கூறவில்லை. ஆனால் தண்டனை கிடைத்துவிட்டது. இசைத்தட்டு எஞ்சியிருக்கிறது; திரைப்படம் எஞ்சியிருக்கிறது; அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பதிவு ஒன்றேனும் எஞ்சவில்லை.

1955இல் சார்ள்ஸ் மிங்கஸ், மக்ஸ் ரோச் என்னும் இருவரோடு சேர்ந்து அவர் பதிவு செய்த இசைத்தட்டு, ஜாஸ் அறிந்தோர் இன்றும் போற்றுவது. ஆனாலும் தாய்நாடாக வரித்த நாட்டில் வாய்ப்புக் குன்றியது. 1957இல் பாரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1967இல் திரும்பி வந்தபோது இசையின் காலமே மாறியிருந்தது. 1981 ஒக்டோபர் 2ஆந் திகதி காலமானார். மேரி லூ வில்லியம்ஸ் மறைந்ததும் அதே ஆண்டில். லில் ஹார்டின் பத்தாண்டுகள் முந்தி, 1971 ஒகஸ்டில், லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் நினைவுக் கச்சேரியில் வாசித்துக்கொண்டிருந்தபோதே பியானோவின் முன் சரிந்து உயிர்நீத்தார்.

பெரியோர்களே, இவ்வரலாற்றைக் கேட்டு, அமெரிக்க வெள்ளையர் கொடியவர் என்று கூறிவிட்டு வீடு செல்வது எளிது. அவ்வளவுதான் நாம் பெறும் பாடமெனில் இவ்வுரை வீண். நம்மூர்த் தேநீர்க்கடைகளிலும் ஒரு காலத்தில் சிலருக்கு வேறு பேணியும், சிலருக்கு வாங்கில் இடமின்மையும் இருந்தன. ஹேசல் அம்மையார் வழக்கு வென்று ஏழாண்டுகளின் பின், 1957இலேதான், சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. கோயில் வீதியில் வாத்தியத்தைக் கேட்டுத் தலையசைத்தவர், அதனை வாசித்தவருக்குத் தம் வீட்டுத் திண்ணையில் இடங்கொடுக்கத் தயங்கியதையும் நம் முதியோர் அறிவர். உரிமை கேட்கும் மக்கள் முதலிற் பார்க்க வேண்டியது தம் வீட்டுக் கதிரையை.

முடிவாக ஒன்று கூறுவேன். கைதட்டல் ஒரு கொடை. தட்டுபவர் விரும்பினால் தருவார், விரும்பாவிடில் நிறுத்துவார். கதிரையோ உரிமை, அதனைக் கேட்டுப் பெறவேண்டும், எழுத்திற் பெறவேண்டும், மறுத்தால் மன்றேறவும் வேண்டும். அவ்வாறு கேட்பவர் தனியே விடப்பட்டால், அவர் வெற்றி பெற்றாலும் வாழ்வை இழப்பார் என்பதற்கு ஹேசல் அம்மையாரே சான்று. ஆகவே கேட்பவரின் பின்னால் அமைப்பு ஒன்று நிற்கவேண்டும். பாஸ்கோ வழக்கு சட்டமாக மலர்ந்ததும் அமைப்புக்கள் தொடர்ந்து உழைத்தமையாலேயே.

இந்த வாசிகசாலை உங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்பிக்க ஒழுங்கு செய்திருப்பதாக அறிந்து மகிழ்கிறேன். நன்றாகக் கற்பியுங்கள். அதனோடு, கையொப்பமிடுமுன் ஒரு பத்திரத்தை வாசித்து, வேண்டாத வாசகத்தை வெட்டவும், வேண்டிய வாசகத்தைச் சேர்க்கவும் கற்பியுங்கள். இரண்டும் கற்ற பெண் எந்தச் சபையிலும் தலைகுனிய மாட்டாள்.